எக்ஸ்பிரஸ் பேர்ள்: 640 கோடி டாலர் சேதம், 1.9 கோடி பவுண்டு வரம்பு

கொழும்புக்கு அருகே 2021-இல் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. அந்தக் கப்பலுக்குக் காப்பீடே இல்லையா? இருந்தது. உலகக் கடல் வணிகத்தில் பேர்பெற்ற, கப்பல் உரிமையாளர்களின் காப்பீட்டுச் சங்கமான லண்டன் பி அண்ட் ஐ கிளப்பின் பொறுப்புக் காப்பீடு அதற்கு இருந்தது. அந்தக் கிளப்புக்குப் பின்னால் பல நூறு கோடி டாலர் வரை தாங்கக்கூடிய மறுகாப்பீடும், அதாவது காப்பீட்டாளர் தனக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீடும், இருந்தது.

ஆனாலும் கணக்கு இப்படி முடிந்தது: இலங்கையின் நிபுணர் குழு கணக்கிட்ட சேதம் 640 கோடி டாலர். கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு லண்டன் கடல்சார் நீதிமன்றம் 2023 ஜூலையில் விதித்த உச்சவரம்பு 1.9 கோடி பவுண்டு, அதாவது சுமார் 2.5 கோடி டாலர். சேதத்தின் மதிப்பில் அது அரை சதவீதம்கூட இல்லை. காப்பீட்டுப் பணம் இருந்தும் அது சேதப்பட்டவர்கள் வரை ஏன் வரவில்லை என்பதை இந்த நிகழ்வை வைத்துப் பார்க்கலாம். என் கணிப்பில், காப்பீட்டின் அளவில் பெரிய குறை இல்லை. அதை எட்டிப் பிடிக்கும் சட்ட வழிதான் குறுகலாக இருந்தது.

கசிந்தது ஒரு கொள்கலன்

எக்ஸ்பிரஸ் பேர்ள் சிங்கப்பூர்க் கொடியுடன் ஓடிய கொள்கலன் கப்பல். 2021 பிப்ரவரியில்தான் சேவைக்கு வந்தது. விபத்து நடந்தபோது அதற்குச் சில மாத வயதுதான். 1,486 கொள்கலன்களை ஏற்றியிருந்தது. அபாயகரமான சரக்கு என்று அறிவிக்கப்பட்டவை அவற்றில் 81. 25 டன் நைட்ரிக் அமிலம், காஸ்டிக் சோடா, மெத்தனால் எல்லாம் இருந்தன. இவை போக, பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளாகும் சிறு குருணைகள் மூட்டை மூட்டையாக இருந்தன.

துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தை விட்ட பிறகு, நைட்ரிக் அமிலம் இருந்த ஒரு கொள்கலன் கசிவது தெரியவந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் அதை இறக்கிவிட அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. குஜராத்தின் ஹசிராவில் கேட்டார்கள், அங்கேயும் கிடைக்கவில்லை. அமிலக் கசிவைக் கையாளும் வசதியோ ஆளோ உடனடியாக இல்லை என்பதுதான் இரண்டு இடத்திலும் சொன்ன காரணம். கசிந்துகொண்டே கப்பல் கொழும்பு நோக்கி வந்து, மே 19 இரவு துறைமுகத்துக்கு வெளியே ஒன்பதரை கடல் மைல் தொலைவில் நங்கூரமிட்டது. மறுநாள் தீ. மே 25 அன்று பெரிய வெடிப்பு. மாலுமிகள் 25 பேரும் மீட்கப்பட்டார்கள். தீ அடங்கியபின், ஜூன் 2 அன்று கப்பலை ஆழ்கடலுக்கு இழுத்துப் போகப் பார்த்தார்கள். சுமார் 21 மீட்டர் ஆழத்திலேயே பின்பகுதி தரைதட்டிவிட்டது. அந்த மாத நடுவில் கப்பல் முழுவதும் மூழ்கியது.

சரக்குவ கடற்கரையில் வெள்ளைக் குருணைகள் மணலை மூடிக் கிடந்த படங்களை உலகமே பார்த்தது. சுமார் 1,680 டன் குருணை கடலில் கலந்தது என்று ஐ.நா. குழுவின் அறிக்கை சொன்னது. கடலில் பிளாஸ்டிக் கொட்டிய நிகழ்வுகளில் பதிவானவற்றுள் இதுவே மிகப் பெரியது. இறந்து ஒதுங்கிய ஆமைகள் நானூறுக்கும் மேல். நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்களுக்குக் கடலுக்குப் போகவே தடை.

இதில் காப்பீட்டுக்காரர் முதலில் கவனிப்பது அந்த இரண்டு மறுப்புகளைத்தான். கசியும் ஒரு கொள்கலனை இறக்கி, அமிலத்தை வேறு கலனுக்கு மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவு, பின்னால் வந்த செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆபத்தில் இருக்கும் கப்பலுக்குப் புகலிடம் கொடுப்பது பற்றி சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல் மட்டுமே, கட்டாயம் கிடையாது. கப்பலை உள்ளே விடும் துறைமுகம் ஆபத்தைத் தன் தலையில் ஏற்கிறது; விடாமல் அனுப்பும் துறைமுகத்துக்குச் செலவு எதுவும் இல்லை. இந்த ஏற்பாடு இப்படியே இருக்கும்வரை அதே மறுப்பு இன்னொரு துறைமுகத்திலும் வரும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

காப்பீட்டில் யார் யார்?

கப்பலுக்கு இரண்டு வகைக் காப்பீடு உண்டு. கப்பலின் உடலுக்கும் இயந்திரத்துக்கும் நேரும் சேதத்தைச் சாதாரணக் காப்பீட்டு நிறுவனங்கள் பார்த்துக்கொள்கின்றன. கப்பலால் பிறருக்கு நேரும் சேதத்தை, அதாவது மாசு, மாலுமியின் காயம், மூழ்கிய கப்பலின் சிதைவை அகற்றுவது போன்றவற்றை, பி அண்ட் ஐ கிளப்புகள் பார்க்கின்றன. கிளப் என்பது லாபத்துக்கு நடத்தும் கம்பெனி கிடையாது. கப்பல் உரிமையாளர்களே கூடி, ஒருவர் இழப்பை மற்றவர்களும் சேர்ந்து சுமக்கும் சங்கம் அது. இப்படிப் பெரிய கிளப்புகள் 12 ஒரே குழுமமாக இயங்குகின்றன. உலகக் கடற்பயணக் கப்பல்களின் டன் அளவில் சுமார் 90 சதவீதம் இவர்கள் கையில்.

முதல் 1 கோடி டாலரை அந்தந்த கிளப்பே தாங்கும். அதற்கு மேல் 10 கோடி வரை எல்லாக் கிளப்புகளும் பங்கிட்டுக்கொள்ளும். அப்புறம் மறுகாப்பீடு, மொத்தத்தில் சுமார் 310 கோடி டாலர் வரை போகும். எண்ணெய் மாசுக்கு மட்டும் தனியாக 100 கோடி டாலர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் பேர்ளிலிருந்து பெருமளவில் கொட்டியது எண்ணெய் கிடையாது, பிளாஸ்டிக்கும் ரசாயனமும்தான். ஆக, அந்த 100 கோடித் தடுப்புகூடப் பெரும்பாலான சேதத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் இது பொறுப்புக் காப்பீடு. கப்பல் உரிமையாளர் சட்டப்படி எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டவரோ அவ்வளவுதான் கிளப் கொடுக்கும். சேதம் எவ்வளவு என்பது கிளப்பின் கேள்வியே இல்லை. உரிமையாளரின் சட்டப் பொறுப்பு 2.5 கோடி டாலரில் நின்றுவிட்டால், பின்னால் இருக்கும் 310 கோடிக்கு வேலையே இல்லாமல் போகிறது.

வரம்பு எப்படி வந்தது?

இந்த 1.9 கோடி பவுண்டு நீதிபதி தன் விருப்பப்படி சொன்ன தொகை இல்லை. கடல்சார் உரிமைக்கோரல்களின் பொறுப்பு வரம்பு உடன்படிக்கை 1976, அதன் 1996 நெறிமுறை, 2015 ஜூனில் நடைமுறைக்கு வந்த உயர்த்தப்பட்ட விகிதங்கள் ஆகியவற்றிலிருந்து வந்த வாய்ப்பாடு அது. கப்பலின் மொத்த டன் அளவைப் போட்டால் தொகை தானாக வந்துவிடும். இந்த டன் எடையைக் குறிப்பதில்லை, கப்பலின் உள்ளளவைக் குறிக்கிறது. சர்வதேச நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்ற கணக்கு அலகில் போட்டுப் பார்ப்போம்.

எக்ஸ்பிரஸ் பேர்ளின் அளவு ஏறத்தாழ 31,600 டன். உயிரிழப்பு, காயம் தவிர்த்த மற்றக் கோரல்களுக்கு முதல் 2,000 டன் வரை 15.1 லட்சம் எஸ்.டி.ஆர். அடுத்த 28,000 டன்னுக்கு டன் ஒன்றுக்கு 604 வீதம் 1 கோடியே 69 லட்சம். 30,000-க்கு மேல் மிஞ்சும் 1,600 டன்னுக்கு டன் ஒன்றுக்கு 453 வீதம் சுமார் 7.25 லட்சம். கூட்டினால் 1 கோடியே 91 லட்சம் எஸ்.டி.ஆர்.; டாலரில் சுமார் 2.5 கோடி.

இந்தக் கணக்கில் கப்பலுக்குள் என்ன இருந்தது என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள். இதே அளவுக் கப்பல் பருத்தித் துணி ஏற்றியிருந்தாலும் இதே தொகைதான். 25 டன் அமிலமும் ஆயிரக்கணக்கான டன் பிளாஸ்டிக்கும் ஏற்றியிருந்தாலும் இதே தொகைதான். அபாயத்தைக் கப்பலின் அளவை வைத்து எடைபோடும் முறை இது. அபாயகரமான சரக்கின் மாசுக்கு இது பொருந்தவே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

வரம்பை உடைக்க வழி உண்டு. நடைமுறையில் கிட்டத்தட்ட இல்லை. சேதம் உண்டாக்கும் நோக்கத்துடனோ, சேதம் வரக்கூடும் என்று தெரிந்தே பொருட்படுத்தாமலோ, கப்பல் உரிமையாளர் தாமே செய்த செயலால்தான் இது நேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டும். கேப்டனின் தவறு போதாது. நிறுவனத்தின் உச்சியில் இருப்பவரின் தவறாக இருக்க வேண்டும். அதுவும் இதே வகைச் சேதம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லண்டன் நீதிமன்றங்களில் இந்தத் தடையைத் தாண்டுவது அரிதிலும் அரிது.

கப்பலின் சொந்த எரிபொருளால் வரும் மாசுக்கு பங்கர் உடன்படிக்கை 2001 தனியாக இருக்கிறது. 1,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் காப்பீட்டுச் சான்று வைத்திருக்கவே வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கென்று தனி நிதி கிடையாது. அதன் வரம்பும் மேலே போட்ட இதே வாய்ப்பாட்டில் போய் நிற்கிறது. அந்த உடன்படிக்கை சுற்றுச்சூழல் சேதத்தை எப்படி வரையறுக்கிறது என்பது இன்னும் முக்கியம்: மீட்டெடுப்பதற்காக உண்மையில் எடுத்த, அல்லது எடுக்கப்போகும், நியாயமான நடவடிக்கைகளின் செலவு மட்டுமே ஈடாகும். இறந்த ஆமைக்கு, அழிந்த பவளப்பாறைக்கு, பல பத்தாண்டுக்குக் குறையப்போகும் மீன்வளத்துக்கு விலைமதிப்பு போட்டுக் கேட்டால் அந்தக் கணக்கில் இடமில்லை. 640 கோடி என்ற தொகைக்கும் காப்பீட்டாளர் ஏற்கும் தொகைக்கும் இவ்வளவு தூரம் இருப்பதற்கு இப்படிப்பட்ட வரையறையும் ஒரு காரணம். வரம்பு இல்லாமல் போயிருந்தாலும் அந்தத் தொகை அப்படியே ஏற்கப்பட்டிருக்காது.

குருணை எந்தப் பட்டியலில்?

அபாயகரமான, நச்சுத்தன்மையுள்ள பொருள்களுக்கென்றே ஓர் இழப்பீட்டு உடன்படிக்கை 1996-இல் எழுதப்பட்டது, 2010-இல் திருத்தப்பட்டது. ஹெச்.என்.எஸ். உடன்படிக்கை என்று சொல்வார்கள். இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. குறைந்தது 12 நாடுகள் சேர வேண்டும். அவற்றில் நான்கு நாடுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் டன்னுக்குக் குறையாத கப்பல் பலம் வேண்டும். பங்களிப்புக்கு உரிய சரக்கு முந்தைய ஆண்டில் 4 கோடி டன் வந்திருக்க வேண்டும். இவை நிறைவேறி 18 மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும்.

அது 2021-இல் அமலில் இருந்திருந்தால் எவ்வளவு மாறியிருக்கும்? பொதி செய்த சரக்குக்கு உரிய விகிதத்தில் இதே கப்பலுக்கு உரிமையாளரின் வரம்பு சுமார் 6.26 கோடி எஸ்.டி.ஆர்.; முந்தைய வாய்ப்பாட்டைப்போல மூன்று மடங்குக்கு மேல். அது போதாவிட்டால், சரக்கைப் பெறுபவர்கள் கட்டும் நிதியிலிருந்து மொத்தம் 25 கோடி எஸ்.டி.ஆர். வரை. கட்டாயக் காப்பீடும் காப்பீட்டாளரை நேரடியாகக் கேட்கும் உரிமையும் கூடவே வரும். பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் இங்கேயும் ஓர் ஓட்டை இருக்கிறது. பொதி செய்த சரக்கில் எது இந்த உடன்படிக்கைக்குள் வரும் என்பதை, கடல்வழி அபாயகரமான சரக்குகளின் சர்வதேச விதித்தொகுப்பை வைத்தே முடிவுசெய்கிறார்கள். நைட்ரிக் அமிலம் அதில் இருக்கிறது; அரிக்கும் பொருள், 8-ஆம் வகை. சாதாரணப் பிளாஸ்டிக் குருணை அதில் இல்லை. அது எரிந்து பரவினாலும், கடற்கரை முழுவதையும் மூடினாலும், சட்டத்தின் கண்ணில் அது சாதாரணச் சரக்கு. அமிலம்தான் தீக்குக் காரணம், தீயால்தான் குருணை கொட்டியது, ஆகவே குருணைச் சேதமும் அமிலத்தால் வந்ததே என்று வாதாடலாம். நான் வழக்கறிஞராக இருந்தால் கட்டாயம் வாதாடியிருப்பேன். ஆனால் மீனவருக்குப் போய்ச் சேர வேண்டிய இழப்பீடு இப்படி ஒரு சுற்றுவழி வாதத்தை நம்பி இருக்கக் கூடாது.

இந்த விபத்துக்குப் பிறகுதான் 2024 மார்ச்சில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சுற்றுச்சூழல் குழு குருணைகளுக்கென்று பரிந்துரைகளை ஏற்றது: உறுதியான பொதி, எந்தக் கொள்கலனில் குருணை என்ற தெளிவான தகவல், முடிந்தவரை மேல்தளத்தில் அடுக்காமல் கீழ்த்தளத்தில் வைப்பது. எல்லாம் பரிந்துரை மட்டுமே. அபாயப் பட்டியலில் அது சேரும்வரை காப்பீட்டுப் பக்கத்தில் எதுவும் மாறாது.

அமிலத்தை அனுப்பியவருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அபாயகரமான சரக்கை அனுப்புபவர் அதனால் கப்பலுக்கு நேரும் இழப்புக்குப் பொறுப்பாளி என்பது, கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துக்கான சர்வதேச விதிகளான ஹேக் விதிகளின் 4-ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் ஆபத்து அவருக்கே தெரியாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஜியான்னிஸ் என்.கே. வழக்கில் 1998-இல் சொன்னது. ஆனால் இது கப்பல்காரர் அனுப்பியவரிடம் கேட்டு வாங்கும் உரிமை. கரையில் நிற்பவர்களுக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை.

கிளப்பிடம் நேரே கேட்டால்?

கிளப்புகளின் விதியில் ஒரு பழைய நிபந்தனை இருக்கிறது: உறுப்பினர் முதலில் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், பிறகுதான் கிளப் அவருக்குத் தரும். உறுப்பினர் திவாலாகிவிட்டாலோ, கட்ட மறுத்தாலோ, கிளப்பின் கடமையும் பிறக்காது. ஃபாந்தி, பாட்ரே ஐலண்ட் என்ற இரண்டு கப்பல்களின் வழக்கில் 1990-இல் இந்த நிபந்தனை செல்லும் என்று பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. பங்கர் உடன்படிக்கை போன்றவை காப்பீட்டாளரை நேரடியாகக் கேட்க அனுமதிப்பதால் அந்தந்த வகைக் கோரலுக்கு மட்டும் இந்தச் சுவர் விலகுகிறது. அபாயகரமான சரக்குக்கு அப்படி ஒரு உடன்படிக்கை அமலில் இல்லாததால் சுவர் அப்படியே நிற்கிறது.

இந்தச் சுவரின் உயரத்தைத் தெரிந்துகொள்ள ஸ்பெயினைப் பார்க்க வேண்டும். 2002 நவம்பரில் பிரஸ்டீஜ் எண்ணெய்க் கப்பல் ஸ்பெயினின் கலீசியக் கரைக்கு அப்பால் உடைந்து மூழ்கியது. அதன் பொறுப்புக் காப்பீட்டாளரும் இதே லண்டன் கிளப்தான். ஸ்பெயின் தன் நாட்டு நீதிமன்றத்தில் கிளப்பையே நேரடியாகப் பொறுப்பாக்கி, காப்பீட்டுத் தொகையான 100 கோடி டாலர் வரை தீர்ப்பு வாங்கியது. ஒப்பந்தப்படி லண்டன் நடுவர் மன்றத்துக்குத்தான் வர வேண்டும், முதலில் உறுப்பினர் கட்ட வேண்டும் என்று கிளப் லண்டனில் தனித் தீர்ப்பு வாங்கியது. இரண்டு தீர்ப்புகளும் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் மோதின. கப்பல் மூழ்கி இருபது ஆண்டு கழித்தும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஸ்பெயின் போன்ற வசதியான நாட்டுக்கே அந்த நிலை.

பணம் வந்த வழி

லண்டன் வரம்பு 2.5 கோடி டாலர்தான் என்றாலும், சிதைவை அகற்றவும் கடலடியையும் கடற்கரையையும் சுத்தம் செய்யவும் மீனவர்களுக்கு ஈடாகவும் தாங்கள் சுமார் 17 கோடி டாலர் செலவிட்டதாக, கப்பலை இயக்கிய எக்ஸ்பிரஸ் ஃபீடர்ஸ் நிறுவனம் சொல்கிறது. வரம்பைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. இது எப்படி நடக்கும்?

விடை அதே 1976 உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. சிதைவை அகற்றுவது, சரக்கை அகற்றுவது, இழப்பைக் குறைப்பது போன்ற வேலைகளை உரிமையாளரே ஒப்பந்தம் போட்டு வேறொருவரிடம் கொடுத்தால், அந்த ஒப்பந்தக் கூலிக்கு வரம்பு பொருந்தாது. சிதைவு, சரக்கு அகற்றும் செலவுகளை வரம்புக்கு வெளியே வைப்பதாக உறுப்பு நாடுகள் தனியாக அறிவித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆக, ஒரே வேலையை அரசு தன் பணத்தில் செய்துவிட்டுப் பின்னால் பில் அனுப்பினால் அந்த பில் வரம்புக்குள் போய் மற்ற எல்லோரோடும் பங்குக்கு நிற்கக்கூடும். அதே வேலையை நீயே செய் என்று உரிமையாளருக்கு உத்தரவிட்டு, அவரே ஒப்பந்தக்காரரை அமர்த்தினால் முழுச் செலவும் கிளப்பின் தலையில்.

கரையோர அரசு அதிகாரிகள் விபத்தின் முதல் நாளிலேயே கையில் எடுக்க வேண்டிய விஷயம் இது. பொதுவாக நடப்பது வேறு: அவசரத்தில் கடற்படை, ராணுவம், தன்னார்வலர்கள் என்று அரசே இறங்கிவிடுகிறது. கூலிப் பதிவு, வண்டி வாடகை, அள்ளிய கழிவின் எடைச்சீட்டு எதையும் ஒழுங்காக வைப்பதில்லை. பிறகு கிளப்பின் சர்வேயரும், பெரும்பாலும் கப்பல் மாசு பற்றி ஆலோசனை சொல்லும் ஐ.டி.ஓ.பி.எஃப். அமைப்பின் நிபுணர்களும் வந்து, செலவு நியாயமானதா, வேலைக்குப் பொருத்தமானதா என்று வரிவரியாகக் கேட்பார்கள். ஆதாரம் இல்லாத வரி அடிபடும். இலங்கை முதலில் கேட்ட இடைக்கால இழப்பீடு 4 கோடி டாலர். 2021 ஜூலையில் முதல் தவணையாக வந்தது 36 லட்சம் டாலர்.

கப்பலைத் தடுத்துவைத்துப் பிணை வாங்குவது இன்னொரு வழி. கேரளக் கரைக்கு அப்பால் 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது, கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. அதே குழுமத்தின் இன்னொரு கப்பலை விழிஞ்ஞத்தில் தடுத்துவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் கட்ட வேண்டிய பிணைத்தொகையை 1,227.62 கோடி ரூபாயாக நிர்ணயித்தது. இறுதித் தொகை எவ்வளவு ஆனாலும், பிணையோடு பேச்சு தொடங்குவது வேறு நிலை. வழக்கமாக இந்த இடத்தில் கிளப் ஓர் உறுதிக்கடிதம் தந்து கப்பலை விடுவித்துக்கொள்ளும். அந்தக் கடிதம் கையில் இருந்தால், முதலில் உறுப்பினர் கட்டட்டும் என்ற பழைய வாதத்துக்கு அங்கே இடமில்லை. கடிதம் கிளப்பின் சொந்த வாக்குறுதி.

கொழும்பின் தீர்ப்பு

இலங்கை 2023 ஏப்ரலில் சிங்கப்பூரில் வழக்குப் போட்டது. ஆனால் பெரிய திருப்பம் உள்நாட்டிலேயே வந்தது. அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த, அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான இலங்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24 அன்று, மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில் 100 கோடி டாலர் கட்டும்படி கப்பல் தரப்புக்கு உத்தரவிட்டது. முதல் தவணை 25 கோடி டாலர், செப்டம்பர் 23-க்குள். லண்டனின் வரம்பு அந்தத் தொகையைக் கட்டுப்படுத்தவில்லை. அரசுத் தரப்பின் தவறுகளையும் நீதிமன்றம் விட்டுவைக்கவில்லை.

கெடு நெருங்கியபோது, கட்டப்போவதில்லை என்று நிறுவனத்தின் தலைமை வெளிப்படையாகச் சொன்னது. வரம்பற்ற பொறுப்பை ஏற்றால் கடல் வணிகத்தின் அடிப்படையே ஆடிப்போகும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதம் முழுவதும் ஏற்புடையதில்லை. வரம்பு இருப்பதால்தான் காப்பீடு கட்டுப்படியாகிறது என்பது உண்மை. ஆனால் மறுகாப்பீட்டுச் சந்தை 310 கோடி வரை ஏற்கெனவே விலைபோட்டு விற்கும்போது, 2.5 கோடியைத் தாண்டினால் உலகம் நின்றுவிடும் என்பது மிகை. ஹெச்.என்.எஸ். உடன்படிக்கை உரிமையாளருக்கு வைத்த வரம்பே இதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

காப்பீட்டுப் பக்கம் இப்போது நிற்கும் கேள்வி இது: உரிமையாளர் இலங்கையில் கட்ட வேண்டியது 100 கோடி, லண்டனில் 2.5 கோடி என்றால், கிளப் எந்தப் பொறுப்பை ஈடுசெய்யும்? உறுப்பினர் தனக்குள்ள வரம்பு உரிமையைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே கிளப்பின் எதிர்பார்ப்பு. கொழும்புத் தீர்ப்பை சிங்கப்பூரிலோ லண்டனிலோ அமல்படுத்த, அந்த நாட்டு நீதிமன்றம் முதலில் அதை ஏற்க வேண்டும். அங்கே அதே விபத்துக்கான வரம்பு ஆணை எதிரே வைக்கப்படும்.